சாய்ந்து நிற்கும் எஞ்சின்: பிறவியா, பின்னால் வந்ததா?

பழைய காரின் பானெட்டைத் திறந்து முன்னால் நின்று பார்க்கிறோம். எஞ்சின் ஒரு பக்கமாகச் சரிந்தது போலத் தெரிகிறது. விசிறி ரேடியேட்டருக்கு நடுவில் இல்லை. ஒரு பக்கம் கை நுழைகிறது, மறுபக்கம் விரல்கூட நுழையவில்லை. பட்டறையில் இதற்கு உடனே ஒரு பதில் கிடைக்கும்: "ஃபவுண்டேஷன் ரப்பர் போயிருக்கு சார், மாத்திடலாம்." பல சமயம் அது சரியான பதில்தான். சரியில்லாத சமயங்களில் புது ரப்பர் போட்ட பிறகும் கோணல் அப்படியே நிற்கும். அடுத்து போல்ட் துளையை அரத்தால் நீட்டுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் அடியில் தகடு செருகுவார்கள். சில ஆண்டுகள் கழித்து, அந்த வண்டியில் தொழிற்சாலை வைத்தது எது, பட்டறை வைத்தது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நல்ல வண்டிகள் பல இப்படித்தான் பாழாகின்றன.

கோணலைக் கண்டதும் ஸ்பானரை எடுக்கக் கூடாது. அளவுகோலை எடுக்க வேண்டும். எதை அளப்பது, எதிலிருந்து அளப்பது, எந்த வரிசையில் சந்தேகப்படுவது என்பவற்றைத்தான் இங்கே ஆராய்கிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோணல் என்ற ஒரே சொல்லில் நான்கு வேறு நிலைகள் அடங்கியிருக்கின்றன. முன்னாலிருந்து பார்க்கும்போது எஞ்சின் இடமோ வலமோ சாய்ந்திருக்கலாம். சாயாமல் நேராக நின்றபடியே, முழுதாக ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். மேலிருந்து பார்த்தால் மூக்கு ஒரு பக்கமும் வால் மறுபக்கமுமாகத் திரும்பியிருக்கலாம். பக்கவாட்டில் பார்த்தால் பின்பகுதி அளவுக்கு மேல் இறங்கியோ ஏறியோ இருக்கலாம். கண்ணில் முதலில் படுவது முதல் இரண்டும். வண்டிக்குக் கேடு செய்வது பெரும்பாலும் கடைசி இரண்டும். இந்த முரண்தான் தவறான மருத்துவத்துக்குப் பாதிக் காரணம்.

அடுத்த கேள்வி, இந்த எஞ்சின் நேராக இருக்க வேண்டியதுதானா என்பது. 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரின் எஞ்சின் 50 டிகிரி படுத்த நிலையில் வைக்கப்பட்டது. அவ்வளவு தாழ்வான பானெட்டுக்குள் ஆறு சிலிண்டர் எஞ்சினை நிமிர்த்தி வைக்க இடமில்லை. 1960இல் வந்த பெஜோ 404இல் சாய்வு 45 டிகிரி. அதே ஆண்டின் வேலியன்ட்டில் கிரைஸ்லர் 30 டிகிரி சாய்த்து வைத்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குச் 'சாய்ந்த ஆறு' என்பதே பெயராக நிலைத்தது. அந்தச் சாய்வால் பானெட் தாழ்ந்தது. சிலிண்டர்களுக்குக் காற்று செல்லும் குழாய்களை நீளமாக வளைத்துக் கொண்டுவரவும் இடம் கிடைத்தது. 1962இன் பிஎம்டபிள்யூ 1500 காரிலும் 30 டிகிரிதான். டிரையம்ப் நிறுவனத்தில் உருவாகி ஸ்வீடனின் சாப் 99இல் முதலில் ஏறிய நான்கு சிலிண்டர் எஞ்சின் 45 டிகிரி சாய்ந்தது. இவற்றில் எதையும் நிமிர்த்தக் கூடாது. சம்பின் வடிவம், எண்ணெய் வழிந்து இறங்கும் துளைகள், மேனிஃபோல்டின் வளைவு எல்லாமே அந்தச் சாய்வுக்காக வடிக்கப்பட்டவை.

பக்கவாட்டில் தள்ளி வைப்பதும் அப்படியே. 1963இல் வந்த இரண்டாம் தலைமுறை கார்வெட்டில், ஓட்டுநரின் காலுக்கு இடம் கிடைப்பதற்காக எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஏறத்தாழ ஓர் அங்குலம் பயணி பக்கம் தள்ளியே வைத்தார்கள். ஸ்டீயரிங் பெட்டிக்கு வழிவிட எஞ்சினைக் கொஞ்சம் நகர்த்திய வண்டிகளும் உண்டு. வண்டியின் நடுக்கோட்டில் எஞ்சின் இல்லை என்பது மட்டும் குற்றம் ஆகாது.

பிறவிச் சாய்வா, பின்னால் வந்த கோணலா என்று கையேடு இல்லாமலே தெரிந்துகொள்ள நான் நம்புவது கார்புரேட்டரை. அதன் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் சரியாக நிற்க வேண்டும். அதனால் எஞ்சின் எவ்வளவு சாய்ந்தாலும் கிண்ணத்தை நிமிர்த்தி வைக்க வடிவமைப்பாளர் வழி செய்திருப்பார். எஸ்யூ கார்புரேட்டர்களில் மேல்கூடு சாய்ந்திருந்தாலும் கிண்ணம் நேராகத் தொங்கும். வண்டி சமதரையில் நிற்கும்போது எஞ்சின் சாய்ந்து, கிண்ணம் நிமிர்ந்திருந்தால் அது பிறவிச் சாய்வு. கிண்ணமும் சேர்ந்து சாய்ந்திருந்தால் கோணல் பின்னால் வந்தது. முன்பின் சரிவுக்கும் இதே சாட்சி உதவும். பின்சக்கர இயக்க வண்டிகளில் எஞ்சின் பின்னோக்கி மூன்று டிகிரி அளவில் சரிந்திருப்பது வழக்கம். அமெரிக்க வி8களில் கார்புரேட்டர் உட்காரும் முகத்தை அதற்கேற்ப எதிர்ச்சரிவாகக் கடைந்திருப்பார்கள். அந்த முகத்தில் ரசமட்டம் வைத்து "எஞ்சின் மட்டமாக இருக்கிறது" என்று சொல்வது தவறு. மட்டமாக இருப்பது கார்புரேட்டர்தான்.

பொய்சாட்சிகளும் உண்டு. டேப்பட் கவர் தகரத்தால் ஆனது, வளையும். ரேடியேட்டரை எத்தனையோ முறை கழற்றி மாட்டியிருப்பார்கள். பக்கத் தகடுகள் டிங்கர் கையால் மாற்றப்பட்டிருக்கும். மாரிஸ் மைனரின் கதை இன்னும் சுவையானது. அதன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் முதலில் படுக்கை வசமான நான்கு சிலிண்டர் எஞ்சினை மனத்தில் வைத்திருந்தார். 1948இல் வெளிவரும் முன்பே முன்மாதிரி வண்டியை நீளவாக்கில் வெட்டி நான்கு அங்குலம் அகலமாக்கினார். பானெட்டின் நடுவில் ஓடும் தட்டைப் பட்டை அதன் தடம். அந்த அகன்ற அறையில் ஒல்லியான எஞ்சின் தனியாக நிற்பதால், சுற்றிலும் உள்ள வெற்றிடமே கண்ணை ஏமாற்றும்.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு விதமாக ஏமாற்றும். அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. உடல் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. முன்பகுதி முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கித் திறக்கும். கீலில் அதை நகர்த்திச் சரிசெய்யலாம். எஞ்சின் சேஸிஸில் நேராக இருக்கும்போதே, பானெட்டும் உடலும் கோணலாக மாட்டப்பட்டதால் எஞ்சின்மேல் பழி விழுவதுண்டு. அம்பாசடரிலும் மைனரிலும் முன்சஸ்பென்ஷன் முறுக்குத் தண்டு வகை. ஒரு பக்கத் தண்டு தளர்ந்தாலோ, அதன் பிடிப்பிடம் துருவில் விட்டுக்கொடுத்தாலோ, வண்டியே அந்தப் பக்கம் சாயும். மைனரில் இந்தத் தண்டுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம் துருவுக்குப் பேர்போன இடம். வண்டியோடு எஞ்சினும் சாய்வதால், தரையிலிருந்து இருபுறமும் அளப்பவர் எஞ்சின் கோணல் என்றே முடிவு செய்வார்.

எனவே தரையிலிருந்து அளக்கக் கூடாது, தகரத்திலிருந்தும் அளக்கக் கூடாது. வண்டியின் பக்கம் நம்பத்தக்கவை சேஸிஸ் சட்டங்களில் உள்ள ஜிக் துளைகள், சஸ்பென்ஷன் போல்ட் மையங்கள், பின் ஸ்பிரிங் கண்கள். எஞ்சினின் பக்கம் நம்பத்தக்கவை கடைந்த முகங்கள்: பிளாக்கின் அடிவிளிம்பு, க்ராங்க் கப்பியின் முகம், கியர் பாக்ஸ் பின்முனை. முறை பழையது, செலவில்லாதது. வண்டியைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் குறியிட வேண்டும். வண்டியைத் தள்ளிவிட்டால் தரையில் அதன் வரைபடம் கிடைக்கும். மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இரண்டு குறுக்களவுகளும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் சட்டம் நேர். ஒத்துப்போகவில்லை என்றால் எஞ்சினைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு உடலைப் பார்க்க வேண்டும். இடப்பக்க, வலப்பக்கச் சக்கர இடைவெளிகள் மாறுபடுகின்றனவா, முன்சட்டத்தில் பெயின்ட்டுக்கு அடியில் சுருக்கம் தெரிகிறதா, குறுக்குச் சட்டத்தின் துளைகள் நீண்டிருக்கின்றனவா என்று தேட வேண்டும். எப்போதோ பட்ட இடி அங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கும். வளைந்த சட்டத்தில் எஞ்சினை நேராக்குவது சரிந்த சுவரில் படத்தை நேராக மாட்டுவது போன்றது.

சட்டம் நேர் என்று உறுதியான பிறகே ரப்பரின் முறை. ரப்பர் எந்தப் பக்கம் முதலில் சாகும் என்பதற்குக் கணக்கு உண்டு. பெரும்பாலான கார் எஞ்சின்கள் முன்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும். முன்னோக்கிச் செல்லும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் அதே திசையில் சுற்ற, எதிர்விசை, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க, எஞ்சினின் இடப்பக்கத்தை மேலே தூக்கும், வலப்பக்கத்தைக் கீழே அமுக்கும். எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே உடலாக இருப்பதால், ரப்பர் மவுண்டிங் தாங்கும் முறுக்கு ஷாஃப்ட்டுக்குப் போகும் முறுக்கின் அளவாகவே இருக்கும். முதல் கியரில் அது எஞ்சின் தரும் முறுக்கைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் வரலாம். ஏற்றத்தில் கிளட்சைப் பட்டென்று விடும்போது இடப்பக்க ரப்பர் கிழிவது இதனால்தான். பிஎம்சி பி வகை எஞ்சின் உள்ள அம்பாசடரிலும் ஏ வகை எஞ்சின் உள்ள மைனரிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இடப்பக்கமே. ஆக, இழுவையும் சூடும் ஒரே பக்கத்தைத் தாக்குகின்றன. வலப்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அந்த ரப்பர் ஊறி மெத்தென்று ஆகி நசுங்கும். ஒன்று கிழிந்தும் ஒன்று நசுங்கியும் போனால் எஞ்சின் வலப்பக்கம் சாயும்.

இதைச் சிறு விஷயம் என்று நினைப்பவர்கள் 1971 டிசம்பரை நினைவில் கொள்ள வேண்டும். 1965 முதல் 1969 வரையிலான ஷெவர்லே வண்டிகளில் சுமார் 67 லட்சத்தை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. காரணம் எஞ்சின் மவுண்டிங். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்து இடப்பக்கம் எழும்பும்போது, ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்தபடியே நிறுத்திவிடக்கூடியதாக இருந்தது. பவர் பிரேக்கின் வெற்றிடக் குழாயும் கழன்றுவிடக்கூடும். வண்டி தானே பாயும், பிரேக் கனக்கும். தீர்வாக, எஞ்சின் எழும்பாதபடி கட்டிப்பிடிக்கும் கம்பியைப் பொருத்தினார்கள். ஆக்சிலரேட்டர் கேபிளால் இயங்காமல் கம்பியால் இயங்கும் எந்தப் பழைய வண்டியிலும் இந்த ஆபத்து இன்றும் இருக்கிறது.

சோதனை எளிது. கைப்பிரேக்கை முழுதாகப் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு எஞ்சினைத் திணறவைக்க வேண்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் ஒருபோதும் நிற்கக் கூடாது. இடப்பக்கம் சிறிது எழும்பி அடங்குவது இயல்பு. ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் இயல்பல்ல. ரிவர்ஸ் கியரில் முறுக்கு திசைமாறுவதால் வலப்பக்கம் எழும்பும். அதையும் பார்த்துவிட வேண்டும். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதின் உயரமும் நசுங்கிய பழையதின் உயரமும் வேறு என்பதால், ஒன்றை மட்டும் மாற்றுவது கோணலை நாமே விலை கொடுத்து வாங்குவதாகும்.

பூட்டும் வரிசையைப் பலர் கவனிப்பதில்லை. எல்லா போல்ட்டுகளையும் தளர்வாக மாட்டி, எஞ்சினின் எடை முழுவதையும் ரப்பரில் இறக்கி, கையால் ஆட்டி அமரவிட்டு, பிறகே இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே ஒரு பக்கத்தை இறுக்கிவிட்டால், ரப்பர் முறுக்கிக்கொண்ட நிலையிலேயே நின்றுவிடும்.

இதே முறுக்கைச் சைலன்சர் குழாயும் தரும். எனக்குத் தெரிந்த ஓர் அம்பாசடருக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை புது ரப்பர் போட்டும் எஞ்சின் இடப்பக்கம் இழுத்தபடியே நின்றது. கடைசியில் மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ள குழாய் கிளாம்ப்பைத் தளர்த்தியதும், எஞ்சின் ஒரு முனகலோடு தன் இடத்துக்குத் திரும்பியது. புதிதாக வளைத்த குழாய் ஓர் அங்குலம் குறைவாக இருந்ததால், இழுத்துப் பிடித்துப் பூட்டியிருக்கிறார்கள். ரப்பருக்குப் பணம் கட்டும் முன் அந்த ஒரு கிளாம்ப்பைத் தளர்த்திப் பாருங்கள் என்று அதன் பிறகு எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

பின்பக்கம், அதாவது கியர் பாக்ஸ் மவுண்டிங், அதிகம் மறக்கப்படும் இடம். முன் மவுண்டிங்குகளுக்கும் அதற்கும் இடையே 90 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்முனை 10 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் எஞ்சின் 0.6 டிகிரிக்குச் சற்று மேல் திரும்பும். முன் மவுண்டிங்குக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும் விசிறி அப்போது எதிர்ப்பக்கம் 3 மில்லிமீட்டர்தான் நகரும். நம் கண்ணில் படுவது அந்த 3 மில்லிமீட்டர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் 10 தெரியும்.

அந்தப் பத்துக்கான விலையைக் கொடுப்பது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கிராஸ். வளைந்த நிலையில் சுற்றும் ஒற்றை ஜாயின்ட் சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 3 டிகிரி கோணத்தில் அந்த ஏற்றத்தாழ்வு 0.14 சதவீதம், 10 டிகிரியில் 1.5 சதவீதம். அதனால்தான் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஜாயின்ட் வைத்து, ஒன்றின் பிழையை மற்றது அழிக்கும்படி செய்கிறார்கள். இரண்டு கோணங்களும் சமமாக இருந்தால்தான் அது நடக்கும். எஞ்சின் பின்னோக்கி 3 டிகிரி சரிந்து, ஷாஃப்ட் 5 டிகிரி சரிந்து, டிஃபரன்ஷியலின் பினியன் எஞ்சினுக்கு இணையாக 3 டிகிரியில் இருந்தால் இரு ஜாயின்ட்டிலும் 2 டிகிரி. வண்டி அமைதியாக ஓடும். பக்கவாட்டுக் கோணத்தையும் இதில் சேர்க்க வேண்டும்: செங்குத்தில் 2, பக்கவாட்டில் 2 என்றால் உண்மைக் கோணம் 2.8 டிகிரி. 3 டிகிரிக்குள் இருப்பதும், இரு முனைக்கும் வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டாமல் இருப்பதும் நல்ல அளவு. ஓர் அங்குலம் தள்ளி வைத்த எஞ்சினால் கார்வெட்டுக்கு ஏன் கேடில்லை என்பதும் இங்கே விளங்கும். எஞ்சின் நடுவில் இல்லாவிட்டாலும் பினியனுக்கு இணையாக இருக்கிறது, அது போதும். பெஜோ 404 போல டார்க் டியூப் உள்ள வண்டிகளில் முன்னால் ஒரே ஜாயின்ட். பிழையை அழிக்கத் துணை இல்லாததால் அங்கே கோணம் மிகச் சிறியதாகவே இருக்க வேண்டும்.

இந்தக் கோணங்களை அளக்கும்போது வண்டி தன் சக்கரங்களில், தன் எடையோடு நிற்க வேண்டும். உடலை ஜாக்கியில் தூக்கினால் பின் அச்சு தொங்கி, பினியன் கோணம் மாறி, எடுத்த அளவெல்லாம் வீணாகும். பள்ளத்தின்மேல் நிறுத்தி அளப்பதே சிறந்தது.

ஓட்டும்போதும் இதைப் பிரித்தறியலாம். அதிர்வு வரும் வேகத்துக்குப் போய் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் வேகம் இறங்கியும் அதிர்வு தொடர்ந்தால் அது கியர் பாக்ஸுக்குப் பின்னாலிருந்து வருகிறது. முறுக்கு ஏறும்போது மட்டும் அதிர்ந்தால் மவுண்டிங்கையும் கோணத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே மறைந்திருக்கும் கோணல் அரிது, ஆனால் கொடியது. பெல் ஹவுசிங்கை இடம் பிடித்து நிறுத்தும் குச்சிகள் ஓவர்ஹாலின்போது தொலைந்திருந்தால், போல்ட்டின் தளர்வுக்கு ஏற்ப கியர் பாக்ஸ் மையம் தவறி உட்காரும். டயல் கேஜை ஃப்ளைவீலில் பிடித்து முழுச் சுற்று சுற்றினால் 0.25 மில்லிமீட்டருக்கு மேல் காட்டக் கூடாது. கிளட்ச் அடிக்கடி தேய்வது, கியர் தானே கழல்வது, முன் பேரிங் முனகுவது ஆகியவை இதன் அடையாளங்கள்.

எஞ்சின் மாற்றிய வண்டிகளுக்கு இந்த ஆய்வில் தனி இடம் உண்டு. பெட்ரோல் அம்பாசடர்களில் மாட்டடார் டீசல் எஞ்சினை ஏற்றுவது ஒரு காலத்தில் நாடெங்கும் நடந்தது. மவுண்டிங் பிராக்கெட்டுகளைப் பட்டறையிலேயே வெட்டி வெல்டிங் செய்தார்கள். அத்தகைய வண்டிக்குத் திரும்பிப் போக மூல அளவு என்று எதுவும் இல்லை. கையேட்டைத் திறப்பதில் பயனில்லை. அங்கே மூன்றைத்தான் கேட்க வேண்டும்: ஷாஃப்ட் கோணங்கள் சமமா, ஏதேனும் ஒன்றோடு ஒன்று உரசுகிறதா, கூடுதல் எடையைத் தாங்கும் சட்டம் பிளக்காமல் இருக்கிறதா. மூன்றுக்கும் பதில் நல்லபடி வந்தால், பார்வைக்குக் கோணலாக இருந்தாலும் அந்த எஞ்சினை விட்டுவிடுவதே சரி என்பது என் தீர்ப்பு. அழகுக்காக அதை நகர்த்தினால் நன்றாக ஓடும் வண்டி கெடும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். எஞ்சினை இறக்கும் முன் அரை நாள் ஒதுக்குங்கள். குறுக்களவுகள், கப்பி மையத்திலிருந்து இருபுறச் சட்டங்களுக்கும் உள்ள தூரம், எஞ்சின், ஷாஃப்ட், பினியன் மூன்றின் சரிவு, ஒவ்வொரு மவுண்டிங்கிலும் இருந்த தகடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, வண்டிக்குள்ளேயே வையுங்கள். வண்டி கை மாறும்போது சாவியோடு அந்தத் தாளையும் கொடுங்கள்.